தாராளமாப் போதும்

டிரைவிங் டீச்சருக்குக் காலில் ஒரு வியாதி உண்டு. எந்த வண்டியில் உட்கார்ந்தாலும், அது பஸ்ஸோ ஆட்டோவோ, எதிரே ஏதாவது குறுக்கிட்டால் அவள் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். ஒருமுறை பல் பிடுங்கும் நாற்காலியில்கூட மிதித்துவிட்டாள். "இங்க பிரேக் இல்லம்மா" என்று பல் டாக்டர் சிரித்தார்.

பழக்கதோஷம்தான். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு இடம் எப்போதும் பக்கத்து இருக்கை. ஸ்டீயரிங் இன்னொருவர் கையில் இருக்கும், கண்ணாடியும் அவருக்கே திருப்பி வைத்திருக்கும். அவளுக்கென்று இருப்பது காலடியில் பொருத்திய இரண்டாவது பிரேக் ஒன்றுதான். தேவைப்படாதவரை அதைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை என்பாள். ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் வாய்க்குள் ஒரு பிரார்த்தனை செய்வாள். "கடவுளே, எங்களுக்கு நல்ல புத்தியைக் கொடு. எதிர்ல வர்றவனுக்கு அதைவிட நல்ல புத்தியைக் கொடு."

வண்டி அவளுடையது. சின்ன வெள்ளைக் கார். ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதை வாங்கினாள். கூரைமேல் ஒரு பலகை உண்டு. 'இங்கே ஒருவர் கற்றுக்கொள்கிறார், கொஞ்சம் பொறுங்கள்' என்று அவளே எழுதியது. பின்னால் வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஹார்ன் அடிக்காமல் விடுவதும் உண்டு. உலகத்தின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையில் பாதி அந்த ஹார்ன் அடிக்காதவர்களால் வந்தது.

அந்த வண்டியைத்தான் விற்கப்போகிறார்கள்.

அவள் கணவன் ஏசி மெக்கானிக். தங்கமான மனிதன். யார் எதைச் சொன்னாலும் நம்புவான். அவனிடம் நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். அவனுக்கு வெளிநாட்டில் வேலை வந்திருந்தது. வாங்கிக்கொடுத்தவர் அவனுடைய அக்காள் கணவர். அவர் மனைவி மக்களோடு அங்கே போய்ப் பல வருடம் ஆகிறது. மாமனாருக்கு அவர் மாப்பிள்ளை; தெருவுக்கே அவர் 'பெருக்கல் மாப்பிள்ளை'.

அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. விடுமுறையில் வந்தவர் முடி வெட்டிக்கொள்ளப் போனார். கழுத்தில் துணி கட்டியது முதல் அவிழ்க்கும்வரை, அங்கே அவர் வாங்கும் சம்பளத்தை நம் ஊர்க் காசில் பெருக்கிப் பெருக்கிச் சொன்னார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் கூலியையும் பெருக்கியே கொடுத்துடுங்க மாப்பிள்ளை" என்றார். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

சம்பளம் இவ்வளவு என்று உறுதியான அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனில் பெருக்கல் மாப்பிள்ளையின் முகம். அவருக்குப் பின்னால் வெள்ளைப்பூ போட்ட நீலத் திரைச்சீலை. அவர் எண்ணைச் சொன்னார். மாமனார் அதைச் செய்தித்தாளின் ஓரத்தில் நம் காசுக்குப் பெருக்கினார். விடையைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பெருக்கினார். அதே விடை.

"வருஷத்துக்கா மாப்பிள்ளை?"

"மாசத்துக்கு மாமா."

"எங்க பரம்பரையில இவ்வளவு சைபரை யாரும் சேந்தாப்ல பாத்ததில்ல" என்றார் பெரியவர்.

டீச்சர் மெல்லக் கேட்டாள். "அண்ணே, அங்க வாடகை எப்படி? குட்டிக்கு ஸ்கூல் ஃபீஸ்? ஒரு காய்ச்சல்னா டாக்டருக்கு எவ்வளவு ஆகும்?"

"தாராளமாப் போதும்மா. நாங்க நாலு பேர் இல்லையா? என் ஒரு சம்பளம்தான். உங்கண்ணிய வீட்டை விட்டு வெளியே அனுப்பறதில்ல. ராணி மாதிரி இருக்கா."

திரையோரத்தில் அண்ணியின் முகம் வந்து சிரித்துவிட்டுப் போனது.

"அங்க நான் வண்டி ஓட்டச் சொல்லித்தர முடியுமாண்ணே?"

"குடும்ப விசாவில வர்றவங்க வேலை பாக்கக்கூடாது. பாக்கணும்னு என்ன தலையெழுத்து? நம்ம காசுல பெருக்கிப் பாரு, நீ அங்க ஆறு மாசம் ஓட்டறதை இவன் இங்க ஒரு மாசத்துல கொண்டுவந்துடுவான்."

"அதுவும் அவ சம்பாதிக்கறது கைச்செலவுக் காசுதானே மாப்பிள்ளை" என்றார் மாமனார். குறை சொல்லும் குரல் இல்லை அது; வெயில் அடிக்கிறது என்பதுபோல் சொன்னார்.

டீச்சரின் கால் மேஜைக்கடியில் தரையை மிதித்தது. அந்த வீட்டு வாடகை அவள் கைச்செலவுக் காசு. மகள் குட்டியின் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான் போனது. மாமனார் வேளை தவறாமல் கண்ணில் விட்டுக்கொள்ளும் சொட்டுமருந்தும் அதுதான். கணவனின் வருமானம் டிவி, சோபா, விருந்தாளி என்று கண்ணுக்குத் தெரியும்படி செலவாகும். அவளுடையது வேரில் ஊற்றிய தண்ணீர், ஊற்றியது தெரியாது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஒருவனுக்காவது தெரியுமே. ஆனால் அவன் செய்தித்தாளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை சைபரைக் கண்டால் யாருக்குத்தான் கண் அந்தண்டை போகும்?

அவள் அன்று ஒன்றும் பேசவில்லை. கற்றுக்கொள்பவர் தடுமாறுகிறாரா, தானே சரிசெய்துகொள்வாரா என்று ஒரு கணம் பொறுத்துப் பார்ப்பது அவள் வழக்கம்.

வண்டிக்கு ஆளும் கிடைத்துவிட்டார். கடைத்தெருவில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். அவர் மகள் டீச்சரிடம்தான் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்காகவே கேட்டார். மாமனாரே முன்பணம் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மீதியைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஓட்டிப் பார்க்க வந்த அன்று அவர் கூடை தூக்குகிற வேகத்தில் வளைவுகளைத் திருப்பினார். டீச்சர் இரண்டு முறை மிதிக்க வேண்டியிருந்தது.

"வண்டி நல்லாருக்கு. அந்த ரெண்டாவது பிரேக்கைத்தான் கழட்டிடணும். பக்கத்துல உக்கார்றவங்க எதுக்கு மிதிக்கணும்?"

"இப்ப நான் மிதிக்கலேன்னா நாம அந்தப் பால் வண்டிக்கடியில இருந்திருப்போம்."

"அதுவும் வாஸ்தவம்தான்" என்று ஒத்துக்கொண்டு சிரித்தார் காய்கறிக்காரர். நல்ல மனிதர். அவர்மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. அதனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அது உள்ளேயே அலைந்தது.

அது இன்னாரிடம் போக வேண்டும் என்று தெரிந்தது வியாழக்கிழமை காலையில். குட்டிக்கு எந்த நிறச் சீருடை என்று சொல்ல அண்ணி கூப்பிட்டிருந்தாள். அதே நாற்காலி, பின்னால் அதே நீலத் திரை. டீச்சர் தோசைக்கல்லை இறக்கிவிட்டு வந்து பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரை விலகியது. ஒரு சின்னப் பெண், இரவு உடையோடு, வாயில் டூத்பிரஷோடு, தலை கலைந்து வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, அங்கிள் இன்னும் பாத்ரூமை விட்டு வரலையா? ஸ்கூல் பஸ் வந்துடும்."

அண்ணியின் முகம் வெளுத்தது. "பக்கத்து வீட்டுப் பாப்பா" என்றாள். "நெட்டு சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்" என்றாள். படம் அணைந்தது.

டீச்சர் கணவனிடம் சொன்னாள். அவன் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"பக்கத்து வீட்டுக் குழந்தையாத்தான் இருக்கும்."

"பக்கத்து வீட்டுக் குழந்தை பல் விளக்க இவங்க வீட்டுக்கு ஏங்க வருது?"

"அவங்க வீட்ல தண்ணி நின்னுருக்கும்."

"திரைக்குப் பின்னாலருந்து வருது. வாசல் வழியா வரல. திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உங்கக்கா என்னிக்காவது காட்டிருக்காங்களா? எத்தனை வருஷமா அதே ஒரு மூலையிலருந்துதானே பேசறாங்க."

"நீ எதுக்கெடுத்தாலும் பிரேக் போடுவே" என்றான் அவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொன்னவன் சிரித்தாலும் சில சொற்கள் சிரிப்பதில்லை.

மத்தியானம் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில், விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் அண்ணியைக் கூப்பிட்டாள். படம் வேண்டாம், குரல் போதும் என்று. மறுபக்கம் குக்கர் சீறியது. ஏதோ தாளிக்கிற ஓசை. பாத்திரங்கள் பெரிய பாத்திரங்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"விருந்தா அண்ணி?"

"ஆமா, தினமும் விருந்துதான்." பிறகு அண்ணி கேட்டாள். "வண்டிய வித்துட்டியா?"

"ஞாயித்துக்கிழமை எடுத்துக்கறாங்க."

குக்கர் இன்னொரு முறை சீறி ஓய்ந்தது.

"விக்காத" என்றாள் அண்ணி.

அதன்பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. அந்த வீடு ஒரே அறை. நடுவில் திரை. அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். வாடகையில் பாதி அவர்கள் கொடுப்பது. ஒரு குளியலறைக்கு எட்டுப் பேர். அவர் சம்பளம் வாடகைக்கும் பிள்ளைகள் படிப்புக்குமே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றுதான் இருக்கிறது. சாப்பாட்டுச் செலவு அண்ணியின் அடுப்பிலிருந்து வருகிறது. அந்தக் கட்டடத்தில் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் ஆண்களுக்கு அவள் விடியுமுன் எழுந்து சமைத்து டப்பா கட்டிக் கொடுக்கிறாள். வீட்டை விட்டு வெளியே அனுப்பாத ரகசியம் அதுதான். வெளியே போக அவளுக்கு நேரம் ஏது?

"அந்தப் பக்கத்துக் குடும்பம் கட்டுப்படியாகாம ஊருக்குத் திரும்பறாங்க. பெட்டி கட்டியாச்சு. அவங்க போயிட்டா முழு வாடகையும் எங்க தலையில. அதான் இவர்…" அண்ணி முடிக்கவில்லை.

"அதான் எங்களைக் கூப்பிடறாரா?"

"அவர் கெட்டவர் இல்லம்மா. ராத்திரி தூக்கமே இல்ல அவருக்கு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத. நான் அவர் முகத்துல முழிக்கணும்."

"சொல்லமாட்டேன் அண்ணி" என்றாள் டீச்சர்.

அடுத்த வகுப்புக்கு வந்தது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. ரொம்பச் சமர்த்து, தவறே செய்யாதவள். காலியான நேர்ரோட்டில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது டீச்சர் திடீரென்று பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது.

"ரோட்ல ஒண்ணுமில்லையே டீச்சர்?"

"ரோட்ல இல்லம்மா. எனக்குத்தான் ஒரு நிமிஷம் நிக்கணும் போல இருந்தது."

நர்ஸ் அதற்குமேல் கேட்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அவள் கையில் கொடுத்தாள். பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. பலகையைப் படித்தாரோ என்னவோ, ஓட்டுநர் ஹார்ன் அடிக்காமல் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனார்.

டீச்சருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பொய் சொன்னார் என்பதற்குக்கூட அவ்வளவு இல்லை. மனிதர்கள் மானத்துக்குப் பயந்து பொய் சொல்வதை அவள் பார்த்திருக்கிறாள். 'என் ஒரு சம்பளம்தான்' என்றாரே, அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. விடியுமுன் எழுந்து அண்ணி வேகவைக்கும் சோற்றை முழுங்கிவிட்டு, தன் சம்பளம் போதும் என்று ஏப்பம் விடுகிற கணக்கு அது. அந்தக் கணக்கை நம்பித்தான் இங்கே ஒருத்தியின் வண்டியை விற்கச் சொல்கிறார்கள். அங்கே ஒருத்தியின் உழைப்பு கணக்கில் ஏறவில்லை. இங்கே இன்னொருத்தியுடையதும் ஏறவில்லை. இரண்டையும் வெளியே தள்ளிவிட்டு மிச்சத்தைப் பெருக்கினால் எந்தச் சம்பளமும் தாராளமாகத்தான் போதும்.

அன்று விளக்கேற்றிவிட்டு அவள் வேண்டிக்கொண்டது இதுதான். "கடவுளே, இந்தக் கோபத்தை எடுத்துடாதே. நியாயமான கோபம். கோணலாப் போகாம மட்டும் பாத்துக்கோ."

கோணலாகப் போக நிறைய இடம் இருந்தது. நடந்ததைச் சொல்லாமல் வாக்கையும் காப்பாற்ற வேண்டும், வண்டியையும் காப்பாற்ற வேண்டும். கணவனிடம் சொன்னால் அவன் அடுத்த நிமிடம் அத்தானைக் கூப்பிட்டு, "அக்கா இப்படிச் சொல்றாளாமே" என்று கேட்பான். அவ்வளவு வெள்ளை மனசு. ஆகவே ஞாயிறுவரை அவள் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை காய்கறிக்காரர் மகளோடு வந்துவிட்டார். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு பூசணிக்காயும் கொண்டுவந்தார். வண்டிச் சாவி மேஜையில் இருந்தது. நல்ல காரியம் மாப்பிள்ளை முன்னிலையில் நடக்கட்டும் என்று மாமனார் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்தார். நீலத் திரையும் பெருக்கல் மாப்பிள்ளையும் வந்தார்கள். அண்ணி ஓரத்தில் தெரிந்தாள்.

"என்ன, கைமாத்திட்டீங்களா? நம்ம காசுல பெருக்கினா, இங்க வந்து முதல் மாசமே…"

"அண்ணே, ஒரு சின்ன உதவி" என்றாள் டீச்சர்.

"சொல்லும்மா."

"போனைக் கையில எடுத்துக்கிட்டு வீட்டை ஒரு சுத்து காட்டுங்க. குட்டி எங்க படுப்பா, எங்க படிப்பான்னு பாக்கணும்னு சொல்றா."

குட்டி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தன் பெயர் அடிபட்டதும், "ஆமா மாமா, காட்டுங்க" என்று போன்முன் வந்து நின்றாள்.

"சார்ஜ்ல போட்டிருக்கேனே. ஒயர் எட்டாது."

"கழட்டிட்டு ஒரு நிமிஷம் காட்டுங்கண்ணே."

"வீடு போட்டது போட்டபடி கிடக்கு."

"எங்க வீடு மட்டும் என்ன கண்காட்சியா? பாருங்க." அவள் போனை எடுத்துச் சுற்றிலும் காட்டினாள். காயப்போட்ட துணி, கழுவாத பாத்திரம், பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த காய்கறிக்காரர். திரும்ப டப்பாவில் சாய்த்துவைத்தாள். "இப்ப நீங்க."

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது, மாப்பிள்ளைய சந்தேகப்படற மாதிரி?"

"சந்தேகமில்ல மாமா. நான் யார்கிட்ட வண்டியக் குடுத்தாலும், கிளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடியத் திருப்பிப் பின்னால பாக்கச் சொல்வேன். இதுவும் அவ்வளவுதான்."

கணவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் என்ன கண்டானோ, முதல் தடவையாகச் செய்தித்தாளும் சைபரும் இல்லாத ஒரு குரலில் சொன்னான்: "காட்டுங்களேன் அத்தான். பாத்தா என்ன?"

பெருக்கல் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு மறைந்தது. "இதான் பிரச்சினை. வீட்டுப் பொம்பளைங்க கணக்குப் பாக்க ஆரம்பிச்சா எந்தக் காரியமும் ஓடாது. ஆயிரம் பேர் காத்துக்கிட்டிருக்கான் இந்த வேலைக்கு. சம்பாதிக்கிறவனுக்குத் தெரியாதா எது போதும், எது போதாதுன்னு?"

அப்போதுதான் டீச்சர் மிதித்தாள்.

"யாருண்ணே சம்பாதிக்கிறவன்?" குரல் உயரவில்லை. ஆனால் காய்கறிக்காரரின் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இந்த வீட்டு வாடகைய யாரு கட்றான்னு உங்க மாமனாரைக் கேளுங்க. அவருக்குத் தெரியாது. ஏன்னா அது கைச்செலவுக் காசு. குட்டி ஃபீஸ் யாரு கட்றா? அவர் கண்ணுக்கு விடற மருந்து? சம்பளத்த எல்லாரும் பெருக்கினீங்க. செலவை ஒருத்தராவது பெருக்கினீங்களா? நான் கேட்ட மூணு கேள்விக்கு நீங்க ஒரு எண் சொல்லல. போதும், தாராளமாப் போதும், இதான் பதில். போதும்கறது கணக்கா அண்ணே, மந்திரமா? என் வண்டிய வித்து, என் தொழிலை மூடி, என் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வரச் சொல்றீங்க. எந்தக் கட்டில்ல படுக்கப்போறோம்னு காட்டச் சொன்னா ஒயர் எட்டலேங்கறீங்க. எனக்குக் கோபம் வரக்கூடாதா?"

பெருக்கல் மாப்பிள்ளையின் கை போனை நோக்கி வந்தது, அணைக்கத்தான் வந்தது. அதற்குள் இன்னொரு கை குறுக்கே நீண்டது. எண்ணெய் தெறித்த தழும்புகள் உள்ள கை.

"குடுங்க" என்றது அண்ணியின் குரல்.

படம் ஆடியது. கூரை, மின்விசிறி, ஒரு கொடிக்கயிறு. பிறகு நீலத் திரை மிக அருகில் வந்தது. அண்ணி அதை ஒரே இழுப்பில் ஒதுக்கினாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில். கட்டில்மேல் சுருட்டிய பாய்கள். தரையில் கயிறு கட்டிய பெட்டிகள். ஒரு பெட்டிமேல் அந்தச் சின்னப் பெண் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். படம் நகர்ந்தது. சுவரோரமாக அடுக்கிய சாப்பாட்டு டப்பாக்கள். ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கிற அளவில் ஒரு பாத்திரம். அதன்பக்கத்தில் அண்ணியின் மகன் தரையில் உட்கார்ந்து, கவிழ்த்த வாளியை மேஜையாக்கி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

"அப்பா, நான் ராணி மாதிரி இருக்கேன்ல? இதான் அரண்மனை" என்றாள் அண்ணி. "அந்தப் பாதி இந்த வாரம் காலியாகுது. அந்தப் பாதிக்குத்தான் தம்பி குடும்பத்தைக் கூப்பிடறோம்."

நாற்காலி கிறீச்சிட்டது. மாமனார் எழுந்து போன் அருகே வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க எப்பப்பா கேட்டீங்க? போன்ல எப்பப் பேசினாலும் பக்கத்துல நாலு பேரை வெச்சுக்கிட்டு, நல்லாருக்கியா, சௌகரியமாருக்கியான்னு சத்தமாக் கேப்பீங்க. அவங்க முன்னாடி நான் இல்லேன்னு சொல்றதா? ஊருக்கு வந்தா எல்லார் கண்ணும் எங்க பெட்டிமேல. இவர் போதலைன்னு சொன்னா நீங்களே நம்பியிருக்க மாட்டீங்க. மாப்பிள்ளை கருமின்னு சொல்லிருப்பீங்க."

பெரியவர் கண்ணாடியை மாட்டாமலே நாற்காலிக்குத் திரும்பினார்.

டீச்சருக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் அது இப்போது ஒரு மனிதர்மேல் மட்டும் நிற்க மறுத்தது. அந்த மனிதர் ஒரு பொய்யின்மேல் உட்கார்ந்திருந்தார்; அந்தப் பொய்க்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவர்கள் இந்தப் பக்கம் மேஜையைச் சுற்றி இருந்தார்கள். சைபரைப் பார்த்து முதல் நாள் ஒரு நொடி தன் மனமும் துள்ளியதை அவள் மறக்கவில்லை.

"அண்ணிகிட்ட போனை வாங்குங்கண்ணே" என்றாள்.

பெருக்கல் மாப்பிள்ளையின் முகம் திரும்ப வந்தது. பின்னால் திரை இல்லாமல் அந்த முகம் சின்னதாக இருந்தது.

"ஒரே ஒரு தடவை, பெருக்காம சொல்லுங்க. அந்தச் சம்பளம் ஒரு குடும்பத்துக்குப் போதுமா?"

அவர் தரையைப் பார்த்தார். மகன் எழுதிக்கொண்டிருந்த திசையைப் பார்த்தார்.

"போதாதும்மா" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கே போதல. உங்கண்ணி கைதான் ஓட்டுது" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் சொன்ன எந்த எண்ணையும்விட அந்த ஒரு சொல்லுக்கு விலை அதிகம் என்று டீச்சருக்குத் தோன்றியது. அதற்காக அவள் அவரை உடனே மன்னித்துவிடவில்லை. மன்னிப்பும் பிரேக் மாதிரிதான். திடீரென்று மிதித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு அடிபடும். "பசங்களைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வரணும்னா வாங்க. ஏன் வந்தீங்கன்னு தெருவுல யாராவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போதும் அவள் குரலில் சூடு இருந்தது. அண்ணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போன் அணைந்தது.

காய்கறிக்காரர் தொண்டையைச் செருமினார். மேஜையிலிருந்த சாவியை எடுத்து, மேஜையைச் சுற்றி நடந்து வந்து, டீச்சரின் கையிலேயே வைத்தார்.

"முன்பணம் மெல்ல வரட்டும். அவசரமில்ல."

"இன்னிக்கே தந்துடறேன். உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்."

"அலைச்சல் என்ன? இவளுக்கு இன்னும் ரிவர்ஸ் வரல. கடைச் சுவரை இடிச்சு வெச்சிருக்கா. வண்டியக் கொண்டுபோயிட்டா யார் சொல்லித்தருவாங்கன்னு வழியெல்லாம் புலம்பிக்கிட்டே வந்தா." அவர் வாசலில் நின்று சேர்த்துக்கொண்டார். "பூசணிக்காய் இருக்கட்டும். அது வண்டிக்கில்ல, வீட்டுக்கு."

கணவன் சாவியைப் பார்த்தபடி நின்றான். "நான் மட்டும் போகட்டுமா? ஒருத்தன் செலவுதானே?"

"உக்காந்து பேசலாங்க. பெருக்காம பேசலாம்" என்றாள் டீச்சர். அவன் தலையாட்டினான். பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "வாடகை நீ கட்றது எனக்குத் தெரியும். அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்" என்றான்.

"திறந்திருக்கணும்" என்றாள் அவள். அதற்குமேல் விட்டுக்கொடுக்கவில்லை.

கோபத்துக்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும். அவள் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி வண்டியைக் கழுவ ஆரம்பித்தாள். துணியை நனைத்தாள், பிழிந்தாள், தேய்த்தாள். வேண்டியதற்குமேல் பிழிந்தாள். கூரைப் பலகை கைக்கு எட்டவில்லை. எட்டிக் குதித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வாளி வைக்கும் ஓசை கேட்டது. மாமனார் இரண்டாவது வாளியும் ஒரு முக்காலியும் கொண்டுவந்திருந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்காலியில் ஏறிப் பலகையைத் துடைத்தார். 'கொஞ்சம் பொறுங்கள்' என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது.

"இந்த மாச வாடகையும் நீதானா?"

"எப்பவும் நான்தான் மாமா."

அவர் துணியை வாளியில் முக்கி, நன்றாகப் பிழிந்து, அந்தப் பலகையை மறுபடியும் முதலிலிருந்து துடைக்கத் தொடங்கினார். முக்காலி ஒருபக்கம் ஆடியது. டீச்சரின் கால் தானாகப் போய் அதன் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டது.